நாற்பதுக்கு நன்றி சொன்னவன்

காணாமல் போன யெகோர் ஷீலின் அன்று காலை மட்டும் பதினோரு பேருக்கு நன்றி சொல்லியிருந்தான்.

அதுதான் அவன் தங்கை ரிம்மாவின் புகார்.

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் நெல்லி மார்க்கோவ்னா.

"கேப்டன் சிரிச்சாரு. 'செத்தவன் எவனாவது நெட்ல உக்காந்து தேங்க்ஸ் சொல்லுவானாம்மா? உங்கண்ணன் எங்கயோ ஜாலியா இருக்கான், வீட்டுக்குப் போங்க'ன்னாரு."

"அதுவும் சரிதான். உயிரோட இருக்கறவங்களே யாரும் சொல்றதில்ல," என்றான் திமூர்.

"திமூர்."

"வாயை மூடிட்டேன்."

மூடவில்லை. உதவியாளன் திமூர் கரேயெவ் முன்பு டாக்ஸி ஓட்டியவன். வாடகை கொடுத்தவர்களுக்குப் பேச்சு இலவசம் என்ற பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. நெல்லி மார்க்கோவ்னாவோ சரத்தோவ் நகரத் திருமணப் பதிவு அலுவலகத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். 'சுய விருப்பத்தோடுதானே?' என்று ஜோடி ஜோடியாகக் கேட்டுக் கேட்டு, பொய் சொல்லும்போது மனித முகத்தில் எந்தத் தசை முதலில் அசையும் என்று தெரிந்துகொண்டவர். ஓய்வு பெற்றதும் பெல்மெனி என்ற இறைச்சிக் கொழுக்கட்டைக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டார். கொழுக்கட்டை வேகும் வாசனையில் எங்கள் ஊர்க்காரர்கள் உண்மையை எளிதில் கக்கிவிடுவார்கள் என்பது அவர் அனுபவம்.

ரிம்மா கைப்பையைத் திறந்து, ஐஸ் வைத்துச் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். உள்ளே பேனா மாதிரி இன்சுலின் ஊசிகள்.

"இது அவன் ஃப்ரிட்ஜ்ல அப்படியே இருந்துச்சு. ஸ்கூல் படிக்கும்போதே சர்க்கரை அவனுக்கு. இது இல்லாம இருக்க முடியாது. கையில ஒண்ணே ஒண்ணுதான் எடுத்துட்டுப் போயிருக்கான். அது இந்நேரம் தீந்திருக்கணும்." "எழுதறது அவன்தான்னா, இன்னைக்கோ நாளைக்கோ மயங்கி விழுந்துடுவான். எழுதறது அவன் இல்லைன்னா..."



நெல்லி மார்க்கோவ்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிம்மாவின் போனில் யெகோரின் பக்கத்தைத் திறந்தார். வாழ்த்துகள் வரிசையாக இருந்தன.

'போன பிறந்தநாளுக்கு வாழ்த்து, கிழவா! லேட்டுதான், மன்னிச்சுக்கோ.'

'மறந்தே போச்சுடா. அடி, ஆனா மெதுவா அடி.'

'லேட்டா வந்தாலும் பாட்டிலோடதான் வருவேன்.'

திமூர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். "பொறந்தநாளன்னிக்கு ஒருத்தன்கூட வாழ்த்தலையே! இத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல மறதியா? என்ன ஃப்ரெண்ட்ஸுங்க இவனுங்க! நல்லவேளை, எனக்கு ஃப்ரெண்ட்ஸே கிடையாது."

"ரிம்மா, அண்ணனுக்கு எத்தனை வயசு முடிஞ்சுது?"

"நாப்பது."

திமூரின் வாயில் இருந்த பிஸ்கட் அப்படியே நின்றது.

"அப்ப நல்ல ஃப்ரெண்ட்ஸுதான்," என்றான் மெதுவாக. "எங்க மாமா நாப்பதைக் கொண்டாடினாரு. ஊரையே கூப்பிட்டாரு. அக்கார்டியன்லாம் வெச்சாரு. அடுத்த வாரம் அதே அக்கார்டியன்காரரைத்தான் மறுபடி கூப்பிட வேண்டியதாப் போச்சு. மாமா வீட்டுக்குத்தான். ஆனா மாமா கேக்கல."

ஆண்பிள்ளைக்கு நாற்பது முடிவதை எங்கள் ஊரில் கொண்டாடுவதில்லை. கேக் கிடையாது, விருந்து கிடையாது. கொண்டாடினால் சாவு நம் வீட்டு விலாசத்தைக் குறித்துக்கொள்ளும் என்று பேச்சு. படித்தவர்கள் இதை நம்புவதில்லை. ஆனால் படித்தவர்களும் கொண்டாடுவதில்லை. விவரமான நண்பர்கள் அன்றைக்குப் போனைக்கூடத் தொடமாட்டார்கள். நாலு நாள் போனபிறகு, மறந்தே தொலைந்தது மாதிரி நடித்து, வயதைச் சொல்லாமல், 'போனதுக்கு வாழ்த்து' என்று ஒரு வரி எழுதிவிட்டு நழுவுவார்கள். வாழ்த்துப் பெற்றவன் 'எனக்கா? என்ன பிறந்தநாள்? போடா வேலையைப் பாத்துக்கிட்டு' என்று திட்டவேண்டும். அதுதான் மரியாதை.

யெகோர் திட்டவில்லை.

'என் நாற்பதாவது பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்ன நண்பா, மனமார்ந்த நன்றி! நாற்பதை அமோகமாகக் கொண்டாடினேன்!' என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியிருந்தான். அதற்குக் கீழே நண்பர்கள் அலறியிருந்தார்கள். 'தூ! தூ! தூ! வாயைக் கழுவுடா!' 'குடிச்சிருக்கியா?' 'எழுதினதை உடனே அழி!' அவற்றுக்கும் சளைக்காமல் நன்றி.

"இதை அவன் எழுதல," என்றாள் ரிம்மா. "கறுப்புப் பூனை குறுக்கே போனா டிராம்லேந்து இறங்கிடுவான் அவன். மறந்து வெச்சதை எடுக்க வீட்டுக்குத் திரும்பி வந்தா, கண்ணாடியில மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் மறுபடி கிளம்புவான். நான் ஃபிசிக்ஸ் டீச்சர். வாழ்க்கை பூரா இதைச் சொல்லி அவனைக் கிண்டல் பண்ணியிருக்கேன். செத்தாலும் அவன் கை 'நாப்பது'ன்னு எழுதாது."

"யாரோ அவன் பேருல எழுதறான்னு வெச்சுப்போம்," என்றார் நெல்லி மார்க்கோவ்னா. "அந்த யாரோவும் நம்ம ஊர்க்காரன்தானே? நம்ம ஊர்ல நாப்பதுக்குப் பயப்படாத ஆம்பளை யாரு?"

திமூரும் ரிம்மாவும் ஒரே மூச்சில் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

"புகோவ்."

"எங்கண்ணன் அவர்கிட்டதான் செக்ரட்டரியா இருக்கான்," என்று சேர்த்தாள் ரிம்மா.

*

வெனியமின் ஸாவிச் புகோவ், பகுத்தறிவு வளர்ச்சிக்கான உலக அகாதமியின் நிறுவனர், தலைவர், வாழ்நாள் உறுப்பினர். வேறு உறுப்பினர் உண்டா என்பது குறித்துத் தகவல் இல்லை. உலக அகாதமி ஒரு முடிதிருத்தும் கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் இருந்தது. பெயர்ப்பலகை வாசலைவிட நீளமாக இருந்ததால், அதன் கடைசிச் சொல் முடிதிருத்தும் கடையின் சுவர்மேல் இருந்தது. விவரம் தெரியாதவர்கள் 'அகாதமி'யில் ஷேவிங் எவ்வளவு என்று விசாரிப்பதுண்டு.

புகோவ் தம் மார்பளவுச் சிலைக்குப் பக்கத்தில் நின்று அவர்களை வரவேற்றார். வந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். கோட்டில் பதக்கங்கள். பாதி அவருடைய அகாதமி அவருக்கு வழங்கியவை. மீதி, அந்தப் பாதியைப் பாராட்டி வழங்கியவை.

"யெகோர் ஷீலினா? என் சிந்தனைகளைத் தட்டச்சு செய்யும் ஓர் எளிய கருவி. ஓய்வு கேட்டான். தந்தேன். தெற்கே, கிஸ்லவோத்ஸ்க் நகரின் ஊற்று நீரைப் பருகிக்கொண்டிருக்கிறான்."

"விலாசம் இருக்கா?"

"அம்மணி! சுதந்திர மனிதனுக்கு விலாசம் எதற்கு?"

"கூரியர்ல ஊசி அனுப்பத்தான்," என்றான் திமூர்.

புகோவ் அவனைப் பார்க்கவில்லை. மேடையில் நிற்பவர்கள் முதல் வரிசைக்குப் பின்னால் பார்ப்பதில்லை.

"அவன் நாப்பதைக் கொண்டாடினேன்னு எழுதியிருக்கான்," என்றார் நெல்லி மார்க்கோவ்னா. "அது உங்களுக்கு ஆச்சரியமா இல்லையா?"

"பெருமையாக இருக்கிறது! மூடநம்பிக்கை என்பது அறிவின் முதுகில் ஏறிய பேய். அந்தப் பேயை என் சொற்பொழிவுகள் ஓட்டியிருக்கின்றன. அடுத்த வாரம் என் மணிவிழா. நகர நாடக அரங்கம். என் 'அறிவுச் சுடர்' மூன்றாம் பாகம் அன்று வெளியாகிறது."

"மூணாம் பாகம் எழுதியாச்சா?"

"இறுதி அத்தியாயங்களில் இருக்கிறேன்."

"செக்ரட்டரி இல்லாமலேயா?"

புகோவின் இடது கன்னத்தில் ஒரு தசை அசைந்தது. நெல்லி மார்க்கோவ்னாவுக்கு அந்தத் தசை பழக்கமானது. இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொள்ள வந்தவர்களிடம் 'முதல் மனைவியோட விவாகரத்து ஆயிடுச்சா?' என்று கேட்கும்போது அசைகிற தசை அது.

"சிந்தனைதான் முக்கியம், அம்மணி. எழுத்து வெறும் கூலிவேலை."

"உங்களுக்குத் தோட்ட வீடு ஒண்ணு இருக்காமே. யெகோர் ஞாயித்துக்கிழமை அங்க வேலைக்கு வருவான்னு ரிம்மா சொல்றா."

"மூடிக்கிடக்கிறது. இடுப்பளவு பனி. மார்ச்சில்தான் திறப்போம்." கடிகாரத்தைப் பார்த்தார். "மன்னிக்கவேண்டும். உலகம் காத்திருக்கிறது."

உலகம் வெளியே கறுப்புக் காரில், டிரைவருடன் காத்திருந்தது.

*

"இந்த ஆளுதான்," என்றாள் ரிம்மா, திமூரின் காரில் ஏறியதும். "அண்ணன் என்கிட்ட சொன்னான். 'மூணு பாகத்துலயும் ஒரு வரிகூட அவரோடது இல்ல, மூணாவதை முடிக்கப் போறதில்ல, மணிவிழா மேடையிலயே எழுந்து சொல்லிடப்போறேன்'னான். அதுக்கு மறுநாள்தான் காணாமப் போனான்."

"இதைக் கேப்டன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். புகோவ் போன வருஷம் கேப்டனுக்கும் ஒரு பதக்கம் குடுத்திருக்காராம்."

கறுப்புக் கார் போய் ஒரு மணி நேரமாகியும் அவர்கள் ஊருக்குள் விசாரித்துக்கொண்டே சுற்றியபோது, ரிம்மாவின் கையில் போன் சிணுங்கியது. யெகோரின் பக்கத்தில் புதிதாக ஒரு படம். ஜன்னலோரம் ஒரு ஜாடி. அதில் வெள்ளைச் சாமந்தி. கீழே ஒரு வரி: 'என் நாற்பதாவது பிறந்தநாளுக்கு வந்த மலர்கள்!'

ரிம்மா எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"ஆறு," என்றாள். "ஆறு பூ."

திமூர் தன் பங்குக்கு ஒருமுறை எண்ணினான். ஆறுதான். எங்கள் ஊரில் காதலிக்கானாலும் டீச்சருக்கானாலும் பூ ஒற்றைப்படையில்தான் போகும். இரட்டைப்படை, பிணத்துக்கு.

"கொன்னுட்டான். கொன்னுட்டு எனக்குச் சொல்லிக்காட்டறான்." ரிம்மா ஊசிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

நெல்லி மார்க்கோவ்னா போனை வாங்கிக்கொண்டார். விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். திடீரென்று, "திமூர், வண்டியை ஓரமா நிறுத்து. இதைக் கேளு. நேத்து போட்டிருக்கான். 'பகுத்தறிவு வளர்ச்சிக்கான உலக அகாதமியின் நிறுவனர், தலைவர், வாழ்நாள் உறுப்பினர், மாமேதை, அறிவுச் சுடர் வெனியமின் ஸாவிச் புகோவ் அவர்களுக்கு, அடுத்த வாரம் நிறையவிருக்கும் அறுபதாவது பிறந்தநாளுக்கு இப்போதே என் வாழ்த்துகள்!'"

"இப்பவேவா? முன்கூட்டியேவா?" திமூர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தீங்கு விலக மூன்று முறை தட்டுவதற்கு ஒரு மரக்கட்டையைத் தேடினான், காரில் எல்லாம் பிளாஸ்டிக், கடைசியில் தன் மண்டையிலேயே மூன்று முறை தட்டிக்கொண்டான். "லேட்டா எவ்வளவு வேணா வாழ்த்தலாம். முன்னாடி வாழ்த்தினா அந்த நாளைப் பாக்கவிடாம பண்றதுன்னு அர்த்தம்! இது வாழ்த்தா? சாபம்!"

"அதேதான். இப்பச் சொல்லு. சாத்திரம் தெரியாத ஒருத்தன் எழுதினா எத்தனை தப்பு பண்ணுவான்?"

"ஒண்ணு. ரொம்ப மக்குன்னா ரெண்டு."

"இவன் மொத்தத்தையும் பண்ணியிருக்கான். நாப்பது, ரெட்டைப்படைப் பூ, முன்கூட்டி வாழ்த்து. ஒண்ணு விடாம தேடித்தேடிப் பண்ணியிருக்கான். நம்பாதவனுக்கு இத்தனையும் ஞாபகம் இருக்குமா? சாத்திரத்தை இவ்வளவு சுத்தமா மீறணும்னா, ராத்தூக்கம் இல்லாம அதை நம்பற ஆளா இருக்கணும்."

ரிம்மா நிமிர்ந்தாள்.

"ஆமாம்மா. இதை எழுதறது உங்கண்ணன்தான். வேற யாராலயும் முடியாது. பக்கத்துல ஒருத்தன் நின்னு படிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்ப விடறான். 'என்னைக் காப்பாத்து'ன்னு எழுத வழியில்ல. அதனால, அவனைத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் வயித்துல புளியைக் கரைக்கற மாதிரி எழுதறான்."

"அப்ப உயிரோட..."

"இந்தப் படம் போட்ட நிமிஷம் வரைக்கும்."

"ஒரு சந்தேகம்," என்றான் திமூர். "பக்கத்துல நிக்கறவன் புகோவ்னா, தனக்கே சாபம் குடுக்கறதை எப்படிப் போக விட்டாரு? சிலைக்காவது உறுத்தியிருக்குமே."

"உறுத்தியிருக்கும். ஆனா பட்டத்தைப் பாத்தியா? ஒண்ணுகூட விடல, வரிசைகூட மாறல. 'மாமேதை' வேற புதுசா சேத்திருக்கான். அதை அழிக்க அந்த மனுஷனுக்குக் கை வருமா?" நெல்லி மார்க்கோவ்னா படத்தை விரலால் பெரிதாக்கினார். "சரி, பூவுக்குப் பின்னால ஜன்னலைப் பாரு. வெளியில வெள்ளையா, பனித் தொப்பி போட்டுக்கிட்டு நிக்கறது யாரு?"

திமூர் பார்த்தான். மார்பளவு மனிதர். பதக்கங்கள்.

"கிஸ்லவோத்ஸ்க்லயுமா இந்தாளுக்குச் சிலை வெச்சுட்டாங்க?"

"இல்ல," என்றாள் ரிம்மா. முதல் தடவையாக அவள் குரலில் கோபம் இருந்தது. "அது தோட்ட வீட்டுல இருக்கறது. போன கோடையில திறந்தாரு. கூட்டம் இல்லைன்னு அண்ணன் என்னையும் கூட்டிட்டுப் போனான். நானே கைதட்டினேன்."

*

இடுப்பளவுப் பனி என்று சொல்லப்பட்ட பாதை சுத்தமாக வாரப்பட்டிருந்தது. முற்றத்தில் கறுப்புக் கார், டிரைவரைக் காணோம். புகைபோக்கியிலிருந்து புகை.

"மார்ச் வரைக்கும் மூடிக்கிடக்கற வீடு சிகரெட் பிடிக்குது பாருங்க," என்றான் திமூர்.

நெல்லி மார்க்கோவ்னா ஆம்புலன்சுக்குச் சொன்னார். அடுத்து கேப்டனுக்கு. "உடனே வாங்க, கேப்டன். நீங்க வர்றதுக்குள்ள பத்திரிகைக்காரங்க வந்துட்டா பதக்கம் குடுத்தவரைப் பத்தி உங்ககிட்டதான் கேப்பாங்க," என்றார். கேப்டன் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. புகோவின் ஒரு கண் தெரிந்தது.

"என்ன இது? பின்தொடர்கிறீர்களா?"

"மன்னிப்புக் கேக்க வந்தோம்," என்றார் நெல்லி மார்க்கோவ்னா பணிவாக. "இந்தப் பொண்ணு உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்னு அழறா. அப்புறம்... சொல்லவே கூச்சமா இருக்கு... வெளியில இருக்கற அந்தச் சிலை பக்கத்துல உங்களோட நின்னு ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாமா?"

கதவு முழுதாகத் திறந்தது.

படம் எடுத்தார்கள். சிலையின் தொப்பியைப் புகோவ் தம் கைக்குட்டையால் தட்டிவிட்டார். குளிரில் பற்கள் தந்தியடிக்க நின்ற பெண்களை ஒரு வாய் தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினால் மாமேதைக்கு அழகல்ல. ஆகவே உள்ளே அழைத்தார். தேநீர், ராஸ்பெரி ஜாம், சூடான அடுப்பு. எல்லாம் முறைப்படி.

வாசலில் எல்லோரும் செருப்பு மாற்றிக்கொண்டபோது, கோட்டுகளுக்கு அடியில் தள்ளி வைத்திருந்த ஒரு ஜோடி பூட்ஸை நெல்லி மார்க்கோவ்னா கவனித்தார். பெரிய பாதம். புகோவின் பாதம் இரண்டு நுழையும். ஈரமில்லை, சேறில்லை, உப்புக்கறைகூட இல்லை. மேலே மெல்லிய தூசி. பிப்ரவரி மாதத்தில், எங்கள் ஊரில், தூசி படிந்த பூட்ஸ்! போட்டுக்கொண்டு வந்தவன் திரும்பிப் போகவில்லை. வெளியே இந்தக் குளிரில், பூட்ஸைப் பறிகொடுத்தவனைப் பூட்டி வைக்கவேண்டிய அவசியமும் இல்லை.

நெல்லி மார்க்கோவ்னா மேஜை முன் உட்கார்ந்து தேநீரைக் கலக்கினார். பிறகு, காது கேட்காதவர்களிடம் பேசுவதுபோல உரக்கச் சொன்னார்:

"ரிம்மா, கவலையே படாதே. உங்கண்ணன் கல்லு மாதிரி ஆளு! அவன் உடம்புக்கு இதுவரைக்கும் ஒண்ணும் வந்ததில்ல, இனிமேலும் ஒண்ணும் வரப்போறதில்ல! நூறு வயசு, சீக்குன்னு ஒருநாள் படுக்காம இருப்பான்!"

இப்படிப் பச்சையாகப் புகழ்ந்துவிட்டு யாரும் எங்கள் ஊரில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. கண்பட்டுவிடும்; உடனே மரத்தை மூன்று முறை தட்டவேண்டும். திமூர் 'டக் டக் டக்' என்று நாற்காலியைத் தட்டினான். இயற்பியல் டீச்சர் ரிம்மா, வாழ்க்கையில் முதல் தடவையாக, மேஜையைத் தட்டினாள். மேஜைக்கு அடியில், மிக மெல்லிதாக, இன்னொரு மூன்று தட்டுகள் கேட்டன. எல்லோரும் புகோவைப் பார்த்தார்கள். உலக அகாதமியின் தலைவர் கையை மெதுவாக மேலே எடுத்துத் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டார்.



அப்புறம், தலைக்கு மேலே, கூரையறையில்:

டக். டக். டக்.

"எலி," என்றார் புகோவ்.

"நம்ம ஊர் எலிதான்," என்றான் திமூர். "சரியா மூணு தட்டுது."

ரிம்மா அதற்குள் படியில் ஏறிவிட்டாள்.

*

கூரையறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கொக்கி. உள்ளே சோபாவில், இரண்டு கம்பளிகளுக்குள், வெறுங்காலோடு யெகோர் கிடந்தான். உதடு வெடித்திருந்தது, மூச்சில் சர்க்கரை எகிறியவர்களுக்கு வரும் அழுகிய ஆப்பிள் வாசனை. கை மட்டும் சோபாவின் மரக்காலை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் 'அறிவுச் சுடர்' பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. ஜன்னலோரம் ஆறு சாமந்தி. திரைக்குப் பின்னால் ஒரு தண்ணீர் டம்ளரில், ஜாடியிலிருந்து எடுத்து ஒளித்த ஏழாவது.

ரிம்மா ஊசி போட்டாள். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள். ஆம்புலன்ஸ் சத்தம் தூரத்தில் கேட்கும்போது அவன் கண்ணைத் திறந்தான்.

"கூப்பிட்டிருக்கக் கூடாதாடா? நாங்க கீழதானே இருந்தோம்!"

"கத்தத் தெம்பு இல்ல," என்றான் யெகோர். "தட்டினதுகூட நான் இல்ல. கை."

"ஊசி?"

"அவர்கிட்ட இருந்துச்சு. ஒரு அத்தியாயம் முடிச்சா ஒரு தடவை போட்டுக்க விடுவாரு. நேத்து எழுத முடியல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "பசங்க லேட்டா வாழ்த்த ஆரம்பிச்சதும் அவருக்கு பயம். தன்கிட்டயே வெச்சிருந்த என் போனை நீட்டி, பதில் போடு, சந்தேகம் வரக்கூடாதுன்னாரு. நாப்பதுன்னு எழுதினதும் மூஞ்சி மாறிச்சு. 'ஏன் சார், ரெண்டாம் பாகத்துல நாப்பதுக்குப் பயப்படறவன் மூடன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?'ன்னேன். அனுப்புன்னுட்டாரு."

"ரெண்டாம் பாகத்தை எழுதினது நீதானே?" என்றார் வாசலில் நின்ற நெல்லி மார்க்கோவ்னா.

"அது அவருக்கு மறந்துபோச்சுங்க."

கேப்டன் ஆம்புலன்ஸோடு வந்து சேர்ந்தார். கீழே புகோவ் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தது கேட்டது: "விருந்தாளி, கேப்டன்! அறிவுலக விருந்தாளி! கொக்கி காற்றுக்காக. எந்த நிமிடமும் அவன் நடந்து வெளியேறியிருக்கலாம்!"

"எதைப் போட்டுக்கிட்டு?" என்று கேட்டான் திமூர். தூசி படிந்த பூட்ஸைக் கொண்டுவந்து கேப்டனின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

கேப்டன் பூட்ஸைப் பார்த்தார். புகோவின் பாதத்தைப் பார்த்தார். பிறகு தம் சட்டையிலிருந்து ஒரு சின்னப் பதக்கத்தை, யாரும் கவனிக்காத மாதிரி, கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் யெகோரைத் தூக்குப்படுக்கையில் கிடத்தினார்கள். படி குறுகல். திருப்பத்தில் புகோவின் முழு உருவப் படம், தங்கச் சட்டத்தோடு, பாதி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. கால் பக்கம் முன்னால் போனால்தான் வளைக்க முடியும் என்று முன்னால் இருந்தவர் சொன்னார். யெகோர் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நாக்கு புரளவில்லை. பயத்தில் கண் மட்டும் பெரிதாகியது. வீட்டைவிட்டுக் கால் முன்னால் போவது பிணம்தான் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நிறுத்துங்க!"

மேல்படியிலிருந்து ரிம்மா கத்திய கத்தலில் அடுப்படிப் பாத்திரங்கள் அதிர்ந்தன.

"திருப்புங்க! தலை முன்னால!"

"இடமில்லம்மா. ரெண்டு நிமிஷ வேலைக்கு என்ன இது, இந்தக் காலத்துல..."

"இடம் பண்ணிக்கிறோம்." திமூர் ஏறிவந்து மாமேதையை ஆணியிலிருந்து கழற்றினான். முகம் சுவரைப் பார்க்கும்படி கீழ்ப்படியில் சாத்தினான்.

"நீங்க டீச்சர்னு சொன்னாங்க," என்று முனகினார் ஆம்புலன்ஸ்காரர், படுக்கையைச் சுற்றி வளைத்துக்கொண்டே.

"டீச்சர்தான்," என்றாள் ரிம்மா. அண்ணனின் தலைப்பக்கம் இறங்கி வந்து, அவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, முன்னால் நடந்தாள். "தலை முன்னால தூக்குங்க. எங்கண்ணன் உயிரோட இருக்கான்."